புதுப்பிப்பு: டிஸ்க் நிரம்பிய மர்மம் தீர்ந்தது

போன வாரம் நான் கேட்டிருந்தது இதுதான்: லினக்ஸ் சர்வரில் டிஎஃப் கட்டளை டிஸ்க் 100 சதவீதம் நிரம்பிவிட்டது என்கிறது, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள யூசராக) இருந்து, ஃபைல்களின் அளவைக் காட்டும் டியூ கட்டளை போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. மீதி எங்கே?

முதலில் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் பதிவு) தீர்ந்துவிட்டதோ என்று டிஎஃப் உடன் சின்ன ஐ ஆப்ஷன் கொடுத்துப் பார்த்தேன். அது தாராளமாக இருந்தது. அப்புறம் எல்எஸ்ஓஎஃப் கட்டளையோடு கூட்டல் குறி, பெரிய எல், 1 மூன்றையும் ஒட்டிக் கொடுத்தேன். அழிக்கப்பட்டும் இன்னும் திறந்தே இருக்கும் ஃபைல்களை இது காட்டும். அகப்பட்டது ஒரு சர்வீஸ் தன் நடவடிக்கைகளை எழுதிவந்த ராட்சத லாக் ஃபைல். அதை ஆர்எம் போட்டு அழித்த புண்ணியவான் வேறு யாருமில்லை, நானேதான்!

ஆர்எம் பெயரை மட்டும்தான் நீக்குகிறது. ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்) ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தாலே போதும், ஆனால் வேலை நேரத்தில் அதற்குத் துணியவில்லை. ப்ராசஸ்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் டைரக்டரிக்குள் அந்த ப்ராசஸ் எண், அதனுள் எஃப்டி (அது திறந்து வைத்திருக்கும் ஃபைல்களின் பட்டியல்), அதிலுள்ள ஃபைல் எண்ணைப் பிடித்து ட்ரன்கேட் கட்டளை மூலம் அளவைப் பூஜ்யமாக்கினேன். டிஎஃப் உடனே இறங்கியது. எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். தவறான ஃபைலைக் காலி செய்தால் மீட்க வழியில்லை.

இப்போது லாக் ஃபைல்களை அவ்வப்போது மாற்றிப் பழையவற்றை நீக்கும் லாக்ரொட்டேட் அமைத்துவிட்டேன். எந்த ப்ராசஸ் டிஸ்க்கில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும் ஐஓடாப்பைப் பரிந்துரைத்தவர்களுக்கு நன்றி, இந்தச் சிக்கலுக்கு அது தேவைப்படவில்லை.