வடாம் உப்புக் கரிக்குது, காக்கா வேற!

மதுரைக்காரி: அரைக் கிலோ ஜவ்வரிசியில வடாம் போட்டேன். கூழை ருசி பார்த்தப்போ உப்பு சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் காய்ஞ்சதைப் பொரிச்சா வாயில வைக்க முடியல. காக்கா மிதிச்ச வேட்டியைப் பார்த்தும் மாமியார் ஒண்ணும் சொல்லல, அதான் பயமா இருக்கு. மீதிக் கூழ் ஃப்ரிட்ஜில இருக்கு, என்ன பண்ண?

அடுப்படிப் பாட்டி: கூழ்ல அரை உப்புதாம்மா இருக்கணும். தண்ணி வத்தினா உப்பு ஏறிடும். உப்பில்லாம கொஞ்சம் கூழ் காய்ச்சி அதோட கலந்துடு.

தெக்குத்தெரு: பக்கத்துல கறுப்புக் குடையை விரிச்சு வைங்க. எங்க மாடிக்குக் காக்கா வரல. அணில் வந்துச்சு, அது தனிக் கதை.

மதுரைக்காரி: கலந்து ஊத்திட்டேன் பாட்டி, உப்பு கச்சிதம். வேட்டியைத் திருப்பித் தண்ணி தெளிச்சு உரிச்சேன், ஒண்ணுகூட உடையல. குடை நிழல்ல எங்க பூனை தூங்குது. மாமியார் இன்னும் பேசல. ஆனா நாலு வடாம் குறையுது.