லிட்டில் ராக்: எலிசபெத் நடந்த அந்தத் தெரு

போன மாதம் நானும் ஒன்பதாவது படிக்கும் என் மகளும் டல்லஸிலிருந்து ஐந்து மணி நேரம் கார் ஓட்டி, ஆர்கன்சாஸில் இருக்கும் லிட்டில் ராக் சென்ட்ரல் ஹைஸ்கூலைப் பார்க்கப் போனோம். நினைவிடம் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது, நாங்கள் நிற்கும்போதே பிள்ளைகள் முதுகில் பையோடு அந்தப் பெரிய படிக்கட்டில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

கருப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கி வைப்பது செல்லாது என்று 1954லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த இந்தப் பள்ளியில் ஒன்பது கருப்பினப் பிள்ளைகள் சேர வந்தது 1957 செப்டம்பரில். நான்காம் தேதி காலை எல்லோரும் ஒன்றாகப் போகலாம் என்று, அவர்களுக்குத் துணை நின்ற உள்ளூர் கருப்பினத் தலைவர் டெய்சி பேட்ஸ் முந்தின ராத்திரி வீடு வீடாக போன் செய்து சொல்லியிருக்கிறார். ஒன்பது பேரில் ஒருத்தியான எலிசபெத் எக்ஃபோர்ட் வீட்டில் மட்டும் போன் இல்லை. 15 வயதுப் பெண், தானே தைத்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு தனியாக பஸ் ஏறி வந்துவிட்டாள். ஆளுநர் ஃபாபஸ் நிறுத்தியிருந்த காவல் படை, வெள்ளைப் பிள்ளைகளுக்கு வழிவிட்டு இவளைத் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டித் தடுத்தது. திரும்பினால் பின்னால் கத்திக்கொண்டு வரும் கூட்டம்.

பள்ளியின் முகப்பு இரண்டு தெரு நீளம். அதை நாங்களும் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம், வெயிலில் எனக்கே வெகுதூரமாகத் தெரிந்தது. அன்று அவள் உட்கார்ந்ததைப் போலவே ஒரு பெஞ்சு 2018லிருந்து அங்கே இருக்கிறது. எதிர் முனையில் பழைய பெட்ரோல் பங்க், செய்தியாளர்கள் பத்திரிகைகளுக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்திய போன் அங்கேதான் இருந்தது. உலகத்துக்கே போன் போன இடத்துக்கு எதிரில், வீட்டில் போன் இல்லாததால் தனியாக மாட்டிக்கொண்ட பெண் நின்றிருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"யாராவது வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே அப்பா?" என்றாள் மகள். காலையில் நேரில் போய்ச் சொல்லலாம் என்றிருந்து, அசதியில் மறந்துபோனதாக டெய்சி பேட்ஸே பின்னால் எழுதியிருக்கிறார். அதைச் சொன்னேன். கூட்டத்துக்கு நடுவிலிருந்து கிரேஸ் லார்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி வந்து பக்கத்தில் நின்று, அவளை பஸ் ஏற்றிவிட்டதையும் சொன்னேன்.

அப்புறம் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பி, செப்டம்பர் 25 அன்று ஒன்பது பேரும் முன்வாசல் வழியாகப் போனார்கள். ஆனால் வகுப்புக்குள்ளும் தாழ்வாரத்திலும் இடிப்பதும் துப்புவதும் வருடம் முழுக்க நடந்தது. கேண்டீனில் வழிமறித்து வம்பு செய்த பையன்கள் மேல் உணவுக் கிண்ணம் கொட்டியதற்கு ஒன்பது பேரில் ஒருத்தியான மின்னிஜீன் பிரவுனை இடைநீக்கம் செய்தார்கள், சில வாரத்தில் பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே போக முன்பதிவு வேண்டும், இந்த வரலாற்று இடத்தைக் கவனிக்கும் தேசியப் பூங்காத் துறை ஆட்களோடுதான் விடுவார்கள். நாங்கள் பதியாமல் போய்விட்டோம், நீங்கள் பதிந்துவிட்டுப் போங்கள். அந்தக் கேண்டீனைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள் மகள், இன்னொரு முறை போகிறோம்.