பின்மக்ஸ்: ‘ஊசிப் பன்மையாக்கம்’ வேண்டாம், ‘மடைமாற்று’ போதும்

வணக்கம். சில்லின் ஒரே காலை (ஆங்கிலத்தில் பின்) பல வேலைகளில் எதற்கு விடுவது என்று உள்ளே மாற்றிக்கொள்வதுதான் பின்மக்ஸ். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு இப்படி இருக்கிறது:

> பின்மக்ஸ் = ஊசிப் பன்மையாக்கம்

இதில் இரண்டு சொல்லுமே எனக்கு ஒட்டவில்லை. முதலில் ஊசி. கோவையில் மின்னணுச் சாமான் பழுது பார்க்கிற எந்தக் கடையிலும் போய் நின்று பாருங்கள், ஐசிக்கு (சில்லுக்கு) இருப்பது கால்தான். ‘எட்டுக்கால் ஐசி’, ‘மூணாவது கால்ல வோல்ட் வருதா பாரு’ என்றுதான் பேச்சு ஓடும். புழங்குகிற சொல் கையில் இருக்கும்போது ஊசியைத் தேடுவானேன்? ராஸ்பெரி பை என்கிற கையடக்கக் கணினிப் பலகையின் ஓரத்தில் நிற்கிற 40 கம்பியும் பார்க்க ஊசி மாதிரித்தானே என்றால், ஆமாம், ஆனால் நாம் பெயர் வைப்பது சில்லின் காலுக்கு, ஓரத்தில் நிற்பது அதிலிருந்து இழுத்து விட்டது, அவ்வளவுதான். ஆக ஜிபிஐஓ (நிரல் சொல்கிறபடி உள்ளாகவோ வெளியாகவோ வேலை செய்கிற கால்) என்பதைப் ‘பொதுக்கால்’ என்று வைத்துவிடலாம், பொதுக்கிணறு போல.

அடுத்தது பன்மையாக்கம். கேட்டால் ஏதோ ஒன்று பலவாகப் பெருகுகிற மாதிரி இருக்கிறது. உள்ளே நடப்பதோ வேறு. ராஸ்பெரி பை 4 வரைக்கும் ஒவ்வொரு காலுக்கும் மூன்று பிட் ஒதுக்கி, எட்டு நிலை வைத்திருக்கிறார்கள்: உள் (மின்குறியை வாங்குவது), வெளி (மின்குறியைக் கொடுப்பது), அப்புறம் சீரியல் தடம் போன்ற ஆறு மாற்று வேலைகள். எட்டில் எதையாவது ஒன்றைத்தான் காலோடு சேர்க்க முடியும், மற்ற ஏழும் அந்த நேரத்துக்கு அடைபட்டுக் கிடக்கும்.

இது புத்தியில் உறைத்தது பெருந்துறைப் பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்தில். மோட்டாரைப் போனிலிருந்து போட்டு நிறுத்த ஒரு பையும் ரிலேயும் (சின்ன மின்குறியால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்துகிற ஸ்விட்ச்) வைக்கலாம் என்று போனேன். நல்லவேளை, முதலில் மோட்டாரைக் கோக்காமல் ஒரு குண்டு பல்பைத்தான் கோத்திருந்தேன். கரண்ட் கொடுத்ததும் கொஞ்ச நேரத்தில் பல்பு தானாக எரிகிறது, என் நிரல் எழுந்தவுடன் அணைகிறது. மறுபடி போட்டால் மறுபடி அதே கதை. ரிலேயை மாற்றினேன், வயரை மாற்றினேன், ஒரு மதியம் முழுக்க இதிலேயே போனது. கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்புச்சி, “நீ போடச் சொல்லலைங்கற, அப்புறம் அது எப்படிக் கண்ணு எரியுது?” என்றார்.

தப்பு என்னுடையதுதான். ரிலேயைக் கோத்தது பலகையின் எட்டாம் காலில், சில்லின் கணக்கில் அது ஜிபிஐஓ 14. முந்தின வாரம் வேறு ஒரு பிழையைப் பிடிக்க சீரியல் கன்சோலை (பை தன் செய்திகளை ஒரு வயர் வழியே எழுத்தாக அனுப்புகிற வசதி) நானே இயக்கிவிட்டு மறந்திருந்தேன், அதற்கு எழுத்து வெளியே போகிற காலும் இதேதான். சீரியல் தடத்தில் பேச்சில்லாத நேரத்தில் மின்னழுத்தம் உயரத்தில் நிற்கும், என் ரிலேயோ உயர்ந்தால் ஒட்டிக்கொள்கிற ரகம். அதனால் பையின் இயங்குதளமான லினக்ஸ் ஏறுகிற நேரம் முழுக்க பல்பு எரிந்திருக்கிறது. என் நிரல் வந்து அந்தக் காலை ‘வெளி’ என்று மாற்றிய பிறகுதான் சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது.

இதை அப்புச்சிக்கு எப்படிச் சொல்வது என்று தடுமாறி, உள்ளே வேறொரு வழி திறந்து கிடந்தது என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “அந்த மடைய அடைச்சுப்போட்டு இந்த மடையத் தொறந்து உட்டாத்தான கண்ணு தண்ணி இங்க வரும்?” கீழ்பவானி வாய்க்காலில் ஒரு போகம் ஒற்றைப்படை மதகுக்கும் மறு போகம் இரட்டைப்படை மதகுக்கும் தண்ணீர் விடுகிற முறையிலேயே பயிர் வைத்துப் பழகியவர், ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றிலிருந்து பின்மக்ஸ் எனக்கு மடைமாற்று.

(ரிலே இப்போது 11ஆம் காலில், ஜிபிஐஓ 17. பை எழும்போதே அது தாழ்ந்த மின்னழுத்தத்தின் பக்கமாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும், அதனால் வம்பில்லை.)

> மடைமாற்றம் என்று செய்திகளில் நிதி விஷயத்துக்கு எழுதுகிறார்களே

எழுதட்டும். தெரிந்த சொல் என்றால் பாதி வேலை மிச்சம். குழப்பம் வரும் என்று பட்டால் ‘கால் மடைமாற்று’ என்று எழுதிக்கொள்ளலாம். வாய்க்காலிலும் ஒரு கால் இருக்கிறது, அது தற்செயலாக அமைந்த வசதி.

எண் விஷயத்திலும் ஒரு முடிவு தேவை. மேலே பார்த்தீர்களே, பலகையில் 11, சில்லுக்கு 17. பீகிள்போன் பிளாக் என்கிற இன்னொரு பலகையில் பி9 வரிசையின் 12ஆம் கால் லினக்ஸின் பழைய கணக்கில் 60. இரண்டையும் ‘பின் எண்’ என்றே எழுதினால் படிக்கிறவர் ரிலேயை எங்கேயாவது செருகத்தான் செய்வார். பலகையில் எண்ணுவது ‘கால் எண்’, கெர்னல் (லினக்ஸின் உட்கரு) ‘லைன்’ என்று சொல்வது ‘தட எண்’. இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

லினக்ஸில் கோப்புகளில் எழுதிக் காலை இயக்குகிற பழைய சிஸ்எஃப்எஸ் வழியில், காலை நிரலுக்குத் திறந்துவிடுகிற ‘எக்ஸ்போர்ட்’ என்பதற்கு ‘ஏற்றுமதி’ என்று பட்டியலில் பார்த்தேன். திருப்பூரில் வேலை பார்க்கிற எனக்கு அதைப் படித்ததும் கண்ணில் வந்தது பனியன் பண்டல்தான்! 2016இல் லினக்ஸ் 4.8 வந்ததிலிருந்து ஜிபிஐஓசிப் சாதனக் கோப்பு வழிதான் முறை, பழைய வழியைக் கைவிடச் சொல்லியாகிவிட்டது. போகிற சொல்லுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், ‘வெளிக்கொணர்’ போதும்.

காலை உயர்ந்த மின்னழுத்தத்தில் நிறுத்தி வைக்கிற புல்-அப், தாழ்ந்ததில் நிறுத்தி வைக்கிற புல்-டவுன் இரண்டுக்கும் மேல்கட்டு, கீழ்கட்டு என்று யோசித்தேன். எதிலும் சேராமல் விட்ட உள்ளீட்டுக் கால் அந்தரத்தில் நிற்கும், பக்கத்தில் கை கொண்டு போனாலே 0, 1 என்று மாறி மாறிக் காட்டும். அதை ஒரு பக்கம் கட்டி வைக்கிறோம், ஆனால் ஸ்விட்ச் இழுத்தால் விட்டுக்கொடுக்கிற தளர்ந்த கட்டு. அந்தத் தளர்ச்சி ‘கட்டு’ என்ற சொல்லில் வரவில்லையே என்பதுதான் உறுத்துகிறது. ‘இழுப்பு’ என்று வைக்கலாமென்றால் எங்கள் ஊரில் அது மூச்சு வாங்குகிற நோய். யாருக்காவது நல்ல சொல் அகப்பட்டால் எழுதுங்கள், மற்றதை ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.