வகுப்பில் பாதிக்கு மேல், அலுவலகத்தில் எங்கே? நிரல் எழுதப் படித்த டெல்டா பெண்கள் – அனுபவப் பகிர்வு

கும்பகோணத்து ஆசிரியை

தஞ்சை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பெண்களுக்கு நிரல் எழுதுவதில் ஆர்வம் குறைவு என்று எவரேனும் மேடையில் பேசினால் (நிரல் என்றால் கணினிக்கு எழுதும் புரோகிராம்) எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் வகுப்புகளில் பாதிக்கு மேல் பெண்களே இருந்தார்கள். 1988-இல் பெண்களுக்கென்றே வல்லத்தில் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்ட பகுதி இது. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைப்பதால், கல்லூரி வாசல் வரை வருபவர்களுக்குக் குறைவில்லை. அமெரிக்காவில் 1980-களின் நடுவில் கணினிப் பட்டம் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த பெண்கள், பின்னர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனார்கள். அங்கே வகுப்பறையிலேயே எண்ணிக்கை சரிந்தது. இங்கே பட்டம் வாங்கிய பிறகுதான் ஆட்கள் குறைகிறார்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வான மாணவி ஒருத்தியின் தந்தை, ஆஃபர் லெட்டரைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு துறை அலுவலகத்துக்கு வந்தார். "திருச்சியிலேயே போட்டுக் கொடுப்பாங்களாம்மா?" என்று கேட்டார். ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த சென்னைச் சோழிங்கநல்லூரில் பெண்கள் விடுதிகளை ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு, மனம் ஒப்பாமல் திரும்பியிருந்தார். மகளின் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்தவரும் அவரே என்பதால், அவரை வில்லனாக்க என்னால் முடியவில்லை. அந்தப் பெண் பி.எட். முடித்து இப்போது ஒரு தனியார் பள்ளியில் இருக்கிறாள். நீங்களும் இங்கே உங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள், கேள்விப்பட்டவை வேண்டாம்.

மன்னார்குடிப் பெண்

என் வீட்டில் தடை இல்லை. மன்னை விரைவு ரயிலில் அப்பாவே சென்னைக்குக் கொண்டுவந்து விட்டார். தடை வந்தது அலுவலகத்தில், அதுவும் சலுகையின் வடிவில். ஜாவா என்ற நிரல்மொழியில் பயிற்சி முடித்த எங்கள் அணியில் ஆண்களில் பெரும்பாலோரை நிரல் எழுதும் டெவலப்மென்ட்டுக்கும் பெண்களில் பெரும்பாலோரை, எழுதிய நிரலில் பிழை தேடும் டெஸ்டிங்குக்கும் பிரித்தார்கள். "உங்களுக்குத்தாம்மா நல்லது, நேரத்துக்குக் கிளம்பலாம்" என்றார் மேலாளர். டெஸ்டிங் தாழ்ந்த வேலை என்று நான் சொல்லவில்லை; ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளர் இடத்துக்குப் போகும் ஆன்சைட் வாய்ப்பும் பதவி உயர்வும் எந்தப் பக்கம் போகின்றன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒரு முறை, வட்டிக் கணக்கு பிப்ரவரி 29-ஆம் தேதியில் மட்டும் ஒரு நாள் பிசகுவதைக் கண்டுபிடித்து, எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்பதையும் பிழையைப் பதிவு செய்யும் டிக்கெட்டிலேயே எழுதியிருந்தேன். அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்ட டெவலப்பருக்குத்தான் ரிலீஸ் மின்னஞ்சலில் நன்றி சொன்னார்கள். 1940-களில் அமெரிக்காவில் உருவான எனியாக் கணினிக்கு முதன்முதலில் நிரல் அமைத்த ஆறு பேருமே பெண்கள். அன்று அது எழுத்தர் வேலைக்குச் சற்றே மேலான ஒன்றாகத்தான் கருதப்பட்டது. வேலைக்கு மதிப்பு ஏற ஏற, செய்பவர்கள் மாறிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன்.

திருவாரூர்க்காரன்

நான் ஆண், சப்போர்ட் குழுவொன்றில் இருந்தவன். இரவுப் பணிப் பட்டியல் போடும்போது ஒரு பெண்ணின் பெயரை மேலாளர் தாமாகவே அடித்தார். "அவங்களுக்குக் கல்யாணம் பேசுறாங்க, வேண்டாம்" என்பது காரணம். அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவுப் பணியில் இருக்கும் பெண்களுக்கு வீட்டுக்குக் கார் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு; அந்தச் செலவை நினைத்தும் அடித்திருக்கலாம் என்பது என் ஐயம். ஆண்டிறுதிப் பணி மதிப்பீடான அப்ரைசலில் அதே பெண்ணுக்கு, "நேரடிப் பயன்பாட்டில் இருக்கும் சர்வர்களைக் கையாண்ட அனுபவம் போதாது" என்று எழுதினார்கள். பட்டியலையும் அப்ரைசலையும் எழுதிய கை ஒன்றே. அவர் அடுத்த ஆண்டு வேலையை விட்டதும், திருமணத்துக்காக விட்டார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். திருமணம் அதற்குப் பிறகும் வெகுநாள் நடக்கவில்லை.

திருவையாற்று மருமகள்

2017-இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு முதலிரண்டு பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். என் அலுவலகத்தில் விடுப்பு கிடைத்தது, காப்பகம் கடைசி வரை வரவில்லை. மாடு கன்றை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து உட்கார மாமியாருக்கும் வழியில்லை, வேலையை விட்டேன். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்று கிடைத்தது. மாடியறையில் இன்வெர்ட்டர் வைத்துக்கொண்டு நன்றாகவே போயிற்று. அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொன்னபோது மறுபடியும் வேலையை விட்டேன்.

அடுத்த நேர்காணல்களில் எல்லாரும் "இடைவெளியில் என்ன செய்தீர்கள்?" என்றே கேட்டார்கள். உறவினரின் அரிசி ஆலைக்கு நெல் கொள்முதல், ஈரப்பதக் கழிவு, தவிடு விற்பனை எல்லாம் சேர்ந்த கணக்குச் செயலியைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். அது ஓடிக்கொண்டும் இருந்தது. அதைச் சொன்னால், "அதை அனுபவமா எடுத்துக்க முடியாதே" என்றார்கள். 2024-இல் தஞ்சாவூரில் நியோ டைடல் என்ற ஐ.டி. பூங்கா திறந்த பிறகு, இந்தப் பக்கத்திலும் இத்தகைய வேலைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அப்படித்தான் தஞ்சையில் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தேன். சம்பளம் சென்னையைவிடக் குறைவுதான், ஆனால் பேருந்தில் போய் மாலையில் வீடு திரும்பி விடுகிறேன். நாள் முழுக்க நிரல்தான் எழுதுகிறேன்.

கும்பகோணத்து ஆசிரியை

திருவையாற்றுத் தோழிக்கு ஒரு கேள்வி: அங்கே உங்களைப் போல் எத்தனை பெண்கள், அவர்களுக்கு மேலே யார்?

திருவையாற்று மருமகள்

எங்கள் குழுவில் பெரும்பாலோர் பாபநாசம், ஒரத்தநாடு, கும்பகோணம் பக்கத்துப் பெண்கள்தான் அம்மா. இரண்டு பேர் என்னைப் போல் இடைவெளிக்குப் பின் வந்தவர்கள். குழுத் தலைவர் இடம் காலியாக இருக்கிறது. சென்னைக் கிளையிலிருந்து ஆண் ஒருவரை அனுப்பப் போவதாகப் பேச்சு; எங்களில் எவரிடமும் விருப்பம் கேட்கவில்லை. திங்கட்கிழமை நானே விண்ணப்பம் கொடுக்கிறேன். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுகிறேன்.