ரத்தக்கட்டியை எடுத்தாயிற்று, அப்பாவுக்கு இன்னும் பேச்சு தடுமாறுகிறது

மளிகைக்கடை மகள்:
அப்பாவுக்கு வயது 61. சில மாதம் முன்னால் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. தொடை வழியாகக் குழாய் விட்டு மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். இப்போது தானே நடக்கிறார், குளிக்கிறார். டாக்டரும் ரிசல்ட் நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் கடையில் உட்கார்ந்தால் துவரம்பருப்பு என்று சொல்ல வராமல் மூட்டையைக் கைகாட்டுகிறார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவது தடங்கலில்லாமல் வருகிறது. விலை கேட்டால் தடுமாறுகிறார். மதியத்துக்குள் சோர்ந்து படுத்துவிடுகிறார். சில நாள் அழுகிறார். இனி இவ்வளவுதானா?

பிசியோ, மதுரை:
டாக்டர் சொன்னதும் சரி, நீங்கள் பார்ப்பதும் சரி. ஸ்ட்ரோக் வந்தவரின் நிலையை 0 முதல் 6 வரை ரேங்கின் அளவில் குறிப்பார்கள். 2 வரை நல்ல பலன் என்று கணக்கு. அந்த 2-இல் இருப்பவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார்; முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாது. கட்டியை எடுத்தால் ரத்தம் ஓடும், ஆனால் அதற்குள் செத்த செல்கள் திரும்பாது. மிச்சமுள்ள மூளைதான் பழக வேண்டும். சிகிச்சையின் பலன் நிலைக்குமா என்று பயப்படாதீர்கள். நெதர்லாந்தில் 2 வருடம் கழித்துப் பார்த்தபோது, கட்டி எடுத்தவர்களில் நூற்றுக்கு 37 பேர் யார் துணையும் இல்லாமல் தங்கள் காரியத்தைப் பார்த்துக்கொண்டார்கள். எடுக்காதவர்களில் 24 பேர்.

செல்வி அக்கா:
தங்கச்சி, என் வீட்டுக்காரருக்கும் இதேதான். பேச்சுப் பயிற்சியை விடாதீர்கள். ஆறு மாதத்துக்கு அப்புறமும் புதுச் சொற்கள் வந்தன. அவர் தேடும் சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. ஃபேனையும் டிவியையும் நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து காத்திருப்பேன். நெற்றி சுருங்கும், உதடு குவியும், பிறகு வரும். வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். அப்பாவைக் காலையில் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் கடையில் உட்கார வையுங்கள், மதியம் தூங்கட்டும். அது சோம்பல் இல்லை. உறவுக்காரர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், சோம்பேறி என்ற பேச்சுதான் ஸ்ட்ரோக் வந்தவர்களை ரொம்ப நோகடிக்கும்.

மளிகைக்கடை மகள்:
நன்றி அக்கா. அழுகைக்கு யாரிடம் காட்டுவது?

பிசியோ, மதுரை:
முதலில் நரம்பு டாக்டரிடமே சொல்லுங்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, மருந்தில் குறையும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.