போன் வந்தால் வெட்டும் கேமரா ஃபிளாஷ்: அவரவர் அனுபவம்

சத்துவாச்சாரி (இழையைத் தொடங்கியவர்):

போன மாதம் அப்பாவை ஒரு கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். சர்க்கரை இருப்பதால் விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று ஒரு கூடத்தில் வரிசையாக உட்கார வைப்பார்களே, அங்கேதான் நடந்தது. விளக்கைக்கூட மங்கலாகத்தான் வைத்திருந்தார்கள். எதிர் நாற்காலியில் ஒரு பெரியவர். மடியில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். அவருக்கு அழைப்பு வந்ததும் கேமரா விளக்கு படபடவென்று வெட்ட ஆரம்பித்தது. சத்தம் ஒன்றும் இல்லை. வெளிச்சம் மட்டும்.

சொட்டு மருந்து விட்ட கண்மணி சுருங்காது. அந்த நேரத்தில் எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் அத்தனையும் உள்ளே போய்விடும். வரிசையில் இருந்த எல்லோரும் கையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒரு அம்மா வாய்விட்டே திட்டினார். பெரியவருக்கோ ஒன்றும் விளங்கவில்லை. சுவரில் எழுதியிருந்தபடி போனை சைலண்டில் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். "சத்தமே வரலியேம்மா, நான் இன்னா பண்ணேன்?" என்கிறார்.

சைலண்டுக்கும் ஃபிளாஷுக்கும் சம்பந்தமில்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பேரன் வைத்துக் கொடுத்தானாம், பார்க்க நன்றாக இருக்கிறது என்று. உங்களுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் கேட்டேன். கேட்கிறது என்றார். பிறகு அவர் சம்மதத்தோடு அணைத்துக் கொடுத்தேன். சாம்சங் போன். செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி, அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதற்குள் ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன். அங்கே கேமரா ஃபிளாஷ் என்ற பொத்தானை அணைத்தால் வேலை முடிந்தது.

ஐபோனில் செட்டிங்ஸ், அக்செசிபிலிட்டி, ஆடியோ விஷுவல் என்று போனால் கீழே எல்இடி ஃபிளாஷ் இருக்கும். சைலண்டில் இருக்கும்போது மின்ன வேண்டுமா என்பதற்கு அதிலேயே தனிப் பொத்தானும் உண்டு. மற்ற கம்பெனி போன்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் செட்டிங்ஸில் தேடினால் வராது, டயல் செய்கிற ஆப்புக்குள்ளே இன்கமிங் கால் பகுதியில் கிடக்கும். மேலே இருக்கும் தேடல் பெட்டியில் 'ஃபிளாஷ்' என்று தட்டிப் பார்ப்பதுதான் சுலபமான வழி.

உங்களுக்கு எங்கெங்கே இந்த மின்னலடி பட்டது என்று சொல்லுங்கள்.

ஆரணி பக்கம்:

எங்கள் ஊரில் பாரதக் கூத்து. அர்ச்சுனன் தபசு நடந்த ராத்திரி. மற்ற ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து. பழைய வடஆர்க்காடு முழுக்க இதுதான் வழக்கம். மாவட்டம் 1989-இல் ஒரு தடவை பிரிந்தது, 2019-இல் இன்னொரு தடவை பிரிந்தது. கூத்து மட்டும் பிரியாமல் செய்யாறு, போளூர், ஆற்காடு என்று எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறது. தபசு அன்றைக்கு உயரமான கம்பம் நட்டிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே மேலே ஏறுவார். உச்சியில் சிவனை நினைத்துத் தவம் செய்துவிட்டு எலுமிச்சம்பழம், பூ, விபூதி என்று கீழே வீசுவார். குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அவர் பாதிக் கம்பம் ஏறியிருப்பார். ஆர்மோனியம் இழுக்கிறது, முகவீணை என்கிற சின்ன ஊதுகுழல் கூடவே போகிறது. முன்வரிசையில் ஒரு பையன் அண்ணாந்து பார்த்தபடி தரையில் மல்லாந்து கிடக்கிறான். சட்டைப்பையில் போன். இப்போது வருகிற பெரிய போன்களைச் சட்டைப்பையில் வைத்தால் கேமரா இருக்கிற மேல்பக்கம் வெளியே தலைநீட்டும், பார்த்திருப்பீர்கள். அது நேராகக் கம்பத்தைக் குறி பார்த்தபடி இருந்தது. அழைப்பு வந்ததும் வெட்ட ஆரம்பித்துவிட்டது. மேலே ஏறுகிறவர் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ஒரு கையால் கம்பத்தைப் பிடித்திருக்கிறார். அந்த வெளிச்சம் கண்ணில் அடித்ததும் பாட்டு நின்றுவிட்டது. கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

கீழே நின்ற கட்டியங்காரன்தான், கூத்தில் கோமாளி வேஷக்காரர், காப்பாற்றினார். மத்தளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, "இன்னா நைனா இது, மேகத்தையே காணோம், மின்னல் மட்டும் வெட்டுது? புள்ள இன்னும் பாதி மரங்கூட ஏறல, அதுக்குள்ள அப்பன் இந்திரன் போன் போட்டுட்டானா?" என்றார். கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த ஒருவர் பையன் சட்டைப்பையை உள்ளங்கையால் பொத்திவிட்டார். மேலே இருந்தவரும் சிரித்துவிட்டு விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார். மறுநாள் ராத்திரி கூத்து தொடங்குவதற்கு முன்னால் மைக்கில் ஒரு அறிவிப்பு வந்தது: "போனை அணைக்கச் சொல்லல, அதுல இருக்கிற லைட்டை அணைங்க சாமி."

நான் அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். போனை மாற்றும்போது பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே இறக்கிக் கொடுக்கிறார்கள். எந்தப் பொத்தான் எப்போது ஆன் ஆனது என்று யாருக்குத் தெரியும்?

வாணியம்பாடி, லோடு வண்டி:

கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டாண்டில் போனை மாட்டி மேப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் கட்டாயம் இதை அணைத்து வையுங்கள். ஃபிளாஷ் கண்ணாடிக்கு நேராக இருக்கும். ஆம்பூரில் தோல் ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டைக்கு வருகிறேன், பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி நல்ல இருட்டு. வீட்டிலிருந்து போன். கண்ணாடி முழுக்க வெள்ளையாகிப் போனது, முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. ஓரங்கட்டி நிறுத்தி அணைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

குடியாத்தம், தறி:

எல்லோரும் அணை அணை என்கிறீர்கள். எங்கள் தறிப் பட்டறைக்குள் வந்து ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்.

பவர்லூம் ஓடுகிற கொட்டகையில் பக்கத்தில் நிற்கிற ஆள் பேசுவது கேட்காது. நாங்கள் கைஜாடையிலும் வாயசைப்பிலும்தான் பேசிக்கொள்வோம். ரிங்டோனை எவ்வளவு ஏற்றினாலும் பிரயோஜனமில்லை. வைப்ரேஷனில் வைத்துக்கொள் என்பார்கள். தறி ஓடும்போது தரையே அதிருகிறது, உடம்பே அதிருகிறது. இதில் போன் அதிர்வது எது, தறி அதிர்வது எது? நூல் வியாபாரி போன் போட்டு எடுக்கவில்லை என்றால் அன்றைக்குப் பாவுக்கு நூல் வராது. அதனால் போனை ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்துவிடுவேன். குறுக்கே ஓடும் ஊடை நூல் அறுந்ததா என்று தறியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் வெளிச்சம் வெட்டுவது தெரிந்துவிடும். தறியை நிறுத்திவிட்டு வெளியே ஓடிப்போய்ப் பேசுவேன்.

ஒரே தொல்லை பஞ்சுத் தூசி. ஃபிளாஷ் மேல் படிந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை கைலித் துண்டால் துடைத்துவிட வேண்டும். வீட்டுக்குப் போனால் அணைத்துவிடுவேன், இல்லையென்றால் வீட்டுக்காரம்மா என்னை வெளியே படுக்கச் சொல்லிவிடும்.

பாகாயம்:

செவிலியராக இருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வலிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 3 பேர் அளவுக்கு விட்டுவிட்டு மின்னும் வெளிச்சமே வலிப்பைத் தூண்டிவிடும். சின்ன வயதுக்காரர்களிடம்தான் இது அதிகம். விநாடிக்கு 3 முதல் 30 தடவை வரை மின்னும் ஒளிதான் பெரும்பாலும் ஆபத்து. தூரத்தில் எங்கோ மின்னும் போனால் பயமில்லை. இருட்டு அறையில், முகத்துக்குப் பக்கத்தில், அழைப்பு முடிகிறவரை மின்னிக்கொண்டே இருப்பதுதான் சரியில்லை. வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஃபிளாஷை அணைத்தே வையுங்கள். வெளியில் எங்காவது மாட்டிக்கொண்டால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். இரண்டு கண்ணையும் இறுக்கி மூடுவதால் தப்ப முடியாது, இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும்.

ராணிப்பேட்டை:

சித்தி போனில் செட்டிங்ஸ் முழுக்கத் தேடியும் எல்லாம் அணைந்தே இருந்தது. ஆனாலும் போன் வந்தால் மின்னுகிறது, வாட்ஸ்அப் குட்மார்னிங் வந்தாலும் மின்னுகிறது. கடைசியில் பார்த்தால் யாரோ ஒரு ஃபிளாஷ் அலர்ட் ஆப்பை ஏற்றி வைத்திருக்கிறார்கள். பேசி முடித்ததும் திரை நிறைய விளம்பரம் வந்ததே, அதுவும் இந்த ஆப்பின் வேலைதான். சித்தி அதைப் போன் கம்பெனி போடுகிற விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி ஆப் எல்லாம் நோட்டிஃபிகேஷன் அக்செஸ் கேட்கும். கொடுத்துவிட்டால் உங்களுக்கு வருகிற அறிவிப்புகளை அதனால் படிக்க முடியும், பல போன்களில் பேங்க் ஓடிபி உட்பட. வெறும் விளக்கு எரிய இது எதற்கு? செட்டிங்ஸில் ஸ்பெஷல் ஆப் அக்செஸ் என்ற இடத்தில் நோட்டிஃபிகேஷன் அக்செஸ் யார் யாருக்கு இருக்கிறது என்று பார்த்து அதைப் பிடுங்குங்கள். அப்புறம் ஆப்பையே நீக்கிவிடுங்கள். ஐபோனில் 2011-இலிருந்தே இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் 2023-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே உண்டு. இதற்கென்று தனி ஆப் தேவையே இல்லை.

ஆலங்காயம்:

காவலூர் வானாய்வகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையில் இருக்கிறது, வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள இடம். வானம் தெளிவாக இருக்கிற சனிக்கிழமை ராத்திரிகளில் பார்வையாளர்களுக்குச் சின்னத் தொலைநோக்கியில் காட்டுவார்கள். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிஷம் ஆகும். நாங்கள் வரிசையில் நின்று பழகி, அப்போதுதான் கண்ணுக்கு நட்சத்திரம் பொடிப்பொடியாகத் தெரிய ஆரம்பித்தது. யாருடைய போனோ நாலு தடவை வெட்டியது. அவ்வளவுதான், எல்லோரும் மறுபடி முதலிலிருந்து குருடர்கள். போனைக் கொண்டுபோனால் பிளைட் மோடில் போட்டுவிடுங்கள். அழைப்பே வராது, ஃபிளாஷும் மின்னாது.

காட்பாடி:

தறிக்காரர் சொன்னதைப் படித்தபிறகு எனக்கும் எழுதத் தோன்றியது. எங்கள் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அண்ணியும் அப்படித்தான். இரண்டு பேரும் வீடியோ காலில் சைகையில் பேசிக்கொள்வார்கள். இந்த வசதியை அக்செசிபிலிட்டி பகுதிக்குள் வைத்திருப்பதே இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான். அழகுக்காக மின்ன வைப்பது மற்றவர்கள் கண்டுபிடித்தது.

அண்ணன் வேலை செய்யும்போது போன் மேஜைமேல் கவிழ்ந்துதான் இருக்கும். திருப்பி வைத்தால் ஃபிளாஷ் அடியில் போய்விடும், பையில் போட்டாலும் பயனில்லை. ராத்திரி கட்டில் பக்கத்தில் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைப்பார். வெளிச்சம் சுவரில் பட்டு அறையெல்லாம் தெரியும்.

ஒரு தடவை டிஸ்பிளே உடைந்து ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்தார். திருப்பிக் கொடுத்தவர், "பேட்டரி தின்னும், அதான் அணைச்சுட்டேன்" என்று அவரிடமே சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு அது எப்படிக் கேட்கும்? அன்றைக்கு அண்ணிக்குக் காய்ச்சல். மதியத்திலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், அண்ணனுக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் அண்ணி என் வீட்டுக்கு ஆள் அனுப்பித்தான் விஷயம் தெரிந்தது. பேட்டரியும் அப்படியொன்றும் தின்னாது, போன் அடிக்கிற கொஞ்ச நேரம்தானே மின்னுகிறது. இப்போது அண்ணன் கையில் அதிர்கிற வாட்ச் ஒன்றும் கட்டியிருக்கிறார். ஆனாலும் ஃபிளாஷை விடவில்லை, வாட்சைச் சார்ஜில் போட்டிருக்கும்போது அதுதானே துணை.

யாருடைய போனில் அணைப்பதானாலும் கேட்டுவிட்டு அணையுங்கள். சத்துவாச்சாரிக்காரர் அந்தப் பெரியவரிடம் காது கேட்கிறதா என்று கேட்டது சரி.

ஆரணி பக்கம்:

காட்பாடிக்காரருக்கு: அண்ணன் கூத்துப் பார்க்க வந்தால் முன்வரிசையில் இடம் பிடித்து வைக்கிறோம். போனை மட்டும் கவிழ்க்காமல் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

திருவலம்:

சாம்சங்கில் நீங்கள் சொன்ன இடத்துக்குப் போய்க் கேமரா ஃபிளாஷை அணைத்துவிட்டேன். இப்போது கேமரா மின்னவில்லை, ஆனால் மெசேஜ் வந்தால் திரை முழுக்க மஞ்சளாக ஒரு வெட்டு வெட்டுகிறது. போன் கெட்டுவிட்டதா?

சத்துவாச்சாரி (இழையைத் தொடங்கியவர்):

கெடவில்லை. அது ஸ்கிரீன் ஃபிளாஷ். அதே பக்கத்தில் கேமரா ஃபிளாஷுக்குக் கீழேயே இருக்கும் பாருங்கள். அதையும் அணைத்துவிடுங்கள்.

திருவலம்:

நின்றுவிட்டது. நன்றி.