தாத்தா பெயரில் கரண்ட் பில், திரும்பி வந்த கம்பெனிப் படிவம்

மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம். நானும் மச்சானும் பிரைவேட் லிமிடெட் பதிவுக்கு ஸ்பைஸ் பிளஸ் படிவம் போட்டோம். பெயர் கிடைத்துவிட்டது. கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கான சான்று சரியில்லை, 15 நாளுக்குள் திருத்துங்கள் என்று படிவம் திரும்பி வந்திருக்கிறது.

அலுவலகம் எங்கள் வீட்டு முன்னறைதான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு உட்பட்டது, ஆனால் காலமான தாத்தா பெயரில். அப்பாவின் தடையில்லாச் சான்றும் வீட்டுவரி ரசீதும் (அதிலும் தாத்தாதான்!) சேர்த்தே கொடுத்தோம். வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது. மின் இணைப்பைப் பெயர் மாற்ற அத்தைகளின் சம்மதம் வேண்டுமாம், ஒருவர் மஸ்கட்டில். கடை வாடகைக்கு எடுங்கள் என்கிறார் ஆடிட்டர். அந்த அட்வான்ஸில் தேனீப் பெட்டிகளே வாங்கிவிடலாம்.

திரும்பி வந்த இதே படிவத்தில் கடிதத் தொடர்பு முகவரியை மட்டும் காட்டிப் பதிவை முடித்து, அப்புறம் 30 நாளுக்குள் ஐஎன்சி-22 (பதிவு அலுவலக முகவரியைத் தெரிவிக்கும் படிவம்) போட முடியுமா?